தேடுபொறி வேலையில் எதை இயந்திரத்திடம் விடலாம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சுமார் 600 பக்கங்கள் கொண்ட ஓர் இணையதளத்தை நான் ஒருத்தியாகவே நடத்தி வருகிறேன். உடைந்த இணைப்புகளைத் தேடுவது, பக்கத் தலைப்புகளைச் சரிபார்ப்பது, கூகுள் தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல் கருவியின் எண்களை அட்டவணையில் ஏற்றுவது என எஸ்இஓ (தேடலில் தளத்தை முன்னே கொண்டுவரும்) வேலைகளிலேயே வாரத்தில் ஒரு முழு நாள் போய்விடுகிறது. இவற்றில் எதை ஸ்கிரிப்டிடம், அதாவது தானாக ஓடும் சிறு நிரலிடம், ஒப்படைக்கலாம்?

பதில்: நீங்கள் சொன்ன மூன்றையுமே ஒப்படைக்கலாம். மூன்றும் பார்த்துச் சொல்லும் வேலைகள். அவற்றில் இயந்திரம் நம்மைவிடப் பொறுமைசாலி. சர்ச் கன்சோலிலிருந்து தொடங்குங்கள். அதன் திரையில் ஓர் அறிக்கைக்கு 1,000 வரிகளுக்கு மேல் காட்டப்படுவதில்லை. 16 மாதங்களுக்கு முந்தைய விவரமும் கிடைப்பதில்லை. அதையே ஏபிஐ (நிரல்கள் நேரடியாகத் தரவு கேட்கும் வாசல்) வழியாகக் கேட்டால் ஒரு கோரிக்கைக்கு 25,000 வரிகள் வரை வரும். நாள்தோறும் அதை எடுத்துச் சேமிக்கும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை இப்போதே ஓட விட்டால், இரண்டு ஆண்டுகள் கழித்தும் ஒரு பக்கம் எந்த மாதத்தில் சரியத் தொடங்கியது என்பதை உங்களிடமுள்ள பதிவிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்ததாக, வாரம் ஒருமுறை எல்லாப் பக்கங்களுக்கும் சென்று, ஒவ்வொன்றின் நிலைக் குறியீடு (பக்கம் திறக்கிறதா என்று சொல்லும் எண்), தலைப்பு, தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரக்கூடிய விளக்கக் குறிப்பு, கனானிக்கல் முகவரி (ஒரே பக்கத்துக்குப் பல முகவரிகள் இருந்தால் முதன்மையானது), நோஇண்டெக்ஸ் (தேடலில் சேர்க்க வேண்டாம் என்னும் குறி) இருக்கிறதா இல்லையா என்பனவற்றைக் குறித்துக்கொள்ளும் ஸ்கிரிப்டை அமைத்துக்கொள்ளுங்கள். 600 பக்கங்களின் முழுப் பட்டியலை வாரந்தோறும் அனுப்பினால் மூன்றாவது வாரமே அதைத் திறக்க மனம் வராது என்பதால், சென்ற வாரப் பதிவோடு ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பும்படி செய்யுங்கள். தேடுபொறிகள் தளத்தில் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பையும் கண்காணிப்பில் கட்டாயம் சேருங்கள். சோதனைத் தளத்தைத் தேடுபொறிகள் அண்டாதிருக்க 'டிஸ்அலோ' என்ற சொல்லுக்குப் பின் ஒற்றைச் சாய்கோடு போட்டு வைப்பார்கள். புதிய வடிவமைப்பை ஏற்றும் நாளில் அந்த ஒரு வரியும் சேர்ந்தே நேரடித் தளத்துக்கு வந்துவிடும். பார்வைக்குத் தளம் பழுதின்றி இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்தக் கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் உடனே எச்சரிக்கும் ஸ்கிரிப்ட், நீங்கள் எழுதப்போகும் அனைத்திலும் மிகச் சிறியதாகவும் மிக அவசியமானதாகவும் இருக்கும்.

கேள்வி: குறைகளைக் கண்டுபிடிக்கும் ஸ்கிரிப்டே அவற்றைச் சரிசெய்யவும் விட்டுவிட்டால் என்ன?

பதில்: இதில் நான் பட்ட அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், 404 (பக்கம் இல்லை) காட்டும் எந்த முகவரியையும் தானாகவே 301 (நிரந்தரத் திருப்பம்) மூலம் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும்படி ஒரு தளத்தில் ஏற்பாடு செய்தேன். அறிக்கையில் 404 எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது; வேலை முடிந்தது என்றே நம்பினேன். பிறகு சர்ச் கன்சோலைப் பார்த்தபோது, அதே முகவரிகள் 'சாஃப்ட் 404' என்ற தலைப்பின் கீழ் வரிசையாக நின்றன. கேட்ட பக்கத்துக்குச் சம்பந்தமில்லாத இடத்துக்குத் திருப்பினால், அந்தப் பக்கம் இல்லை என்றே கூகுள் எடுத்துக்கொள்கிறது. அதைவிட என்னை வருத்தியது வேறு: ஒரு குறிப்பிட்ட விளக்கத்தைத் தேடி வந்த வாசகர், காரணம் புரியாமல் முகப்பில் வந்து நின்றிருப்பார்.

இப்போது பழைய முகவரிக்குப் பொருத்தமான புதிய பக்கம் எது என்பதை ஸ்கிரிப்ட் பரிந்துரைக்கிறது. நான் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பின்பே திருப்பம் அமைகிறது. பொருத்தமான பக்கம் இல்லையென்றால் 404 அப்படியே இருக்கட்டும், அதில் தவறில்லை. முழுவதும் இயந்திரத்திடமே விடக்கூடிய திருத்தமும் உண்டு. முதல் முகவரி இரண்டாவதற்கும், அது மூன்றாவதற்கும் திரும்புகிறது என்றால், முதலாவதை நேரே மூன்றாவதற்கு இணைத்துவிடலாம். எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை ஏற்கெனவே ஒரு மனிதர் முடிவு செய்துவிட்டதால் அங்கே புதிதாகத் தீர்மானிக்க ஏதுமில்லை.

கேள்வி: மாதம் ஆயிரம் பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) தானாக உருவாக்கித் தருவதாக ஒரு மென்பொருளின் விளம்பரம் சொல்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 1998-இல் கூகுளின் நிறுவனர்களான லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் பக்கங்களைத் தரப்படுத்தும் பேஜ்ரேங்க் முறையை முன்வைத்தபோது, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குத் தரும் இணைப்பை ஒரு சான்றாக எண்ணலாம் என்பதே அதன் அடிப்படையாக இருந்தது. தளத்தின் சொந்தக்காரரே ஆயிரம் இணைப்புகளை உற்பத்தி செய்துகொண்டால் அவை யாருடைய சான்று? பின்னூட்டப் பகுதிகளில் குவிந்த இத்தகைய இணைப்புகளுக்காகவே 2005-இல் நோஃபாலோ என்ற குறி வந்தது; இந்த இணைப்பைச் சான்றாக எண்ண வேண்டாம் என்று அது தேடுபொறிக்குச் சொல்லும். 2012 ஏப்ரலில் வந்த பென்குயின் என்ற கூகுள் மாற்றம், செயற்கை இணைப்புகளை நம்பியிருந்த தளங்களைத் தரவரிசையில் கீழே தள்ளியது. 2016 செப்டம்பரில் அது கூகுளின் மையக் கணிப்பு முறையிலேயே சேர்ந்து, அத்தகைய இணைப்புகளின் மதிப்பை நீக்குவதை முதன்மையான வழியாகக் கொண்டது. 2022 டிசம்பரில் ஸ்பாம்பிரெயின் என்ற இயந்திரக் கற்றல் அமைப்பும் இணைப்பு மோசடிகளைக் கண்டறியப் பயன்படத் தொடங்கியது.

தானியங்கி நிரல்களால் இணைப்புகளை உருவாக்குவது கூகுளின் ஸ்பாம் கொள்கையில் வெளிப்படையாகவே குறிப்பிடப்பட்ட மீறலாகும். ஆகவே நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு எந்தப் பலனும் கிடைக்காமல் போகலாம். கூகுள் ஊழியர் ஒருவர் நேரடியாகப் பார்த்து நடவடிக்கை எடுத்தால், முறையாக நீங்கள் சம்பாதித்த இடமும் சேர்ந்தே பறிபோகலாம்.

கேள்வி: அப்படியென்றால் இணைப்புத் தேடலில் இயந்திரத்துக்கு வேலையே இல்லையா?

பதில்: நிறைய இருக்கிறது. பிறர் உங்களுக்குத் தந்த இணைப்புகளில் எவை இப்போது உங்கள் தளத்திலேயே 404-இல் முடிகின்றன என்பதை முதலில் தேடச் சொல்லுங்கள். யாரோ விரும்பித் தந்த சான்றை நாமே முகவரியை மாற்றி வீணாக்கியிருப்போம். அதை மீட்க யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. உங்கள் தளத்தின் பெயரைச் சொல்லியும் இணைப்புத் தராத பக்கங்களைத் திரட்டுவது அடுத்த வேலை. மூன்றாவது, உங்கள் துறையில் பிறருடைய பக்கங்களில் செத்துப்போன இணைப்புகளைக் கண்டறிவது. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுகளுக்குள் காணாமல் போயிருந்தன என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஆகையால் தேடினால் கிடைக்காமல் போகாது.

பட்டியல் கைக்கு வந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள், கடிதத்தை நீங்களே எழுதுங்கள். 'தங்கள் அருமையான கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன்' என்று தொடங்கி, எந்தக் கட்டுரை என்று சொல்லாமலே இணைப்புக் கேட்கும் வார்ப்புக் கடிதங்கள் எனக்கும் வருகின்றன; சிலவற்றில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'பெயர்' என்ற சொல்லே நிற்கும். 'உங்கள் பக்கத்தின் நான்காவது பத்தியிலுள்ள இரண்டாவது இணைப்பு இப்போது திறக்கவில்லை; அதே விவரத்தைத் தரும் பக்கம் ஒன்று என் தளத்தில் உள்ளது, பார்த்துப் பொருத்தமென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று மூன்று வரி வந்தால் நான் அந்தப் பத்தியைத் திறந்து பார்ப்பேன். மொத்தமாக அனுப்புவதில் அஞ்சல் வழங்குநர்களின் கெடுபிடியும் உண்டு. ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் அனுப்புநர் யார் என்பதை உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் கட்டாயமாக்கி, ஸ்பாம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு வாரம் பத்துக் கடிதம் போதும்.

கேள்வி: பக்க விளக்கக் குறிப்புகளைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதலாமா?

பதில்: வரைவுக்குப் பயன்படுத்தலாம், பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் படித்துத் திருத்துங்கள், பக்கத்தில் இல்லாத ஒன்றைக் குறிப்பு சொல்லிவிடக் கூடாது. ஆனால் பக்கங்களையே அப்படி நூற்றுக்கணக்கில் உருவாக்க நினைக்காதீர்கள். தரவரிசைக்காகப் பயனற்ற பக்கங்களைப் பெருமளவில் குவிப்பதை, எழுதியது மனிதரா இயந்திரமா என்று பாராமல் மீறலாகக் கருதும் கொள்கையை 2024 மார்ச்சில் கூகுள் அறிவித்துவிட்டது.

கேள்வி: புதிய பக்கங்களை உடனுக்குடன் இண்டெக்ஸில் (தேடுபொறியின் பக்கப் பட்டியலில்) சேர்க்கும் வேலையையாவது தானியங்கியாக்க முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். கூகுளின் இண்டெக்சிங் ஏபிஐ, வேலைவாய்ப்பு அறிவிப்புகளுக்கும் நேரலைக் காணொளிகளுக்கும் மட்டும் உரியது. மற்றப் பக்கங்களுக்கு அதைக் குறுக்கு வழியாகப் பயன்படுத்தச் சொல்வோரை நம்ப வேண்டாம். பிங், யாண்டெக்ஸ் ஆகிய தேடுபொறிகளுக்கு 2021-இல் தொடங்கிய இண்டெக்ஸ்நவ் என்ற அறிவிப்பு முறை மூலம் உடனே தெரிவிக்கலாம். கூகுளுக்கு உங்கள் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பே வழி. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை இடம் இருப்பதால் உங்கள் 600 பக்கங்களுக்கு ஒன்றே போதும். அதில் 'கடைசியாக மாறிய நாள்' என்ற இடத்தில் எல்லாப் பக்கத்துக்கும் இன்றைய தேதியைப் போடும் ஸ்கிரிப்டுகள் பல உலவுகின்றன. அந்தத் தேதி தொடர்ந்து உண்மையாக இருந்தால்தான் கூகுள் அதைப் பொருட்படுத்துகிறது. பக்கத்தின் உள்ளடக்கம் மெய்யாகவே மாறியபோது மட்டும் தேதி மாறும்படி உங்கள் ஸ்கிரிப்டை எழுதிக்கொள்ளுங்கள்.