பறவைக்குக் கலந்து கொடுத்த மருந்து: வழக்கு யார் மீது?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். கோவையில் வசிக்கிறேன். எங்கள் காக்டெயில் (கிளி இனப் பறவை) ஜன்னலில் மோதி இறக்கை வீங்கிவிட்டது. எடை 90 கிராம்தான். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு மெலாக்சிகாம் என்ற வலி மருந்தை எழுதினார். மில்லிக்கு 0.5 மில்லிகிராம் வருகிற மாதிரி திரவமாகக் கலந்து வாங்கி, காலை மாலை 0.1 மில்லி கொடுக்கச் சொன்னார். பக்கத்து மருந்துக் கடையில் சீட்டைக் காட்டியதும், அலமாரியில் வரிசையாக இருந்த சின்ன பாட்டில்களில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள், 10 மில்லி. மூன்றாம் நாள் எச்சத்தில் ரத்தம் வந்தது. ஐந்தாம் நாள் பறவை இறந்துவிட்டது. கடை உதவியாளரைக் கேட்டேன். '15 மில்லிகிராம் மாத்திரை ரெண்டைப் பொடிச்சுக் கலப்போம், எல்லாருக்கும் அப்படித்தான்' என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். முதலாளியோ, 'பறவைக்கெல்லாம் சட்டம் கிடையாது' என்கிறார். பில் இல்லை, கூகுள் பே-யில் 180 ரூபாய் கட்டிய விவரம் இருக்கிறது. பறவையைப் புதைத்து இரண்டு வாரம் ஆகிறது. அதன் விலை 4,000 ரூபாய்தான். வழக்குப் போடலாமா? யார் மீது? போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, முதலில் கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னது தவறு. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940-இல் மருந்து என்பதற்கான விளக்கத்திலேயே மனிதர்களோடு விலங்குகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. உங்கள் பறவைக்குக் கொடுத்த அந்தச் சின்ன பாட்டிலும் அந்தச் சட்டத்துக்குள் வருகிற மருந்துதான்.

அதற்காக மருந்தைக் கலந்ததே குற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். 60 கிலோ மனிதருக்காகச் செய்த மாத்திரையை 90 கிராம் பறவைக்கு அப்படியே கொடுக்க முடியாது. முயல், ஆமை, ஓணான் வளர்ப்பவர்களுக்கும் இதே நிலைதான். அவற்றுக்கென்று தயாராகி வரும் மருந்துகள் கடையில் மிகக் குறைவு. அதனால் மருத்துவர் அளவு எழுத, மருந்தாளுநர் கலந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. சட்டமும் இதை ஏற்கிறது. சில்லறை வியாபாரத்தின் வழக்கமான போக்கில் ஒரு மருந்தைக் கலந்து கொடுப்பது 'உற்பத்தி' ஆகாது என்று மேற்சொன்ன சட்டத்தின் 3வது பிரிவு சொல்கிறது.

ஆனால் இந்த விலக்கு எதுவரைக்கும் செல்லும் என்பதில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது. ஒரு சீட்டு வந்தது, அந்தச் சீட்டுக்காகக் கலந்தார்கள் என்றால் விலக்கு பொருந்தும். உங்கள் விஷயத்தில் நடந்தது வேறு. அலமாரியில் பாட்டில்கள் முன்கூட்டியே தயாராக இருந்தன. உதவியாளரும் 'எல்லாருக்கும் அப்படித்தான்' என்று தன் குரலிலேயே சொல்லிவிட்டார். யாருடைய சீட்டும் வருவதற்கு முன்பே மொத்தமாகக் கலந்து பாட்டிலில் அடைத்து வைத்து விற்பது கடைக்காரர் வேலை இல்லை, உற்பத்தியாளர் வேலை. அதற்குத் தனி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் உற்பத்தி செய்வதை 18வது பிரிவு தடை செய்கிறது. 27வது பிரிவின்படி அதற்குக் குறைந்தது 3 ஆண்டு சிறை, 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த அலமாரி விவரம், அவர்கள் பயப்பட வேண்டிய முதல் விஷயம்.

இரண்டாவது, பதிவேடு. கடையிலேயே தயாரித்துக் கொடுக்கும் மருந்துக்கு, அதில் என்னென்ன சேர்த்தார்கள், எவ்வளவு சேர்த்தார்கள் என்று மருந்துச் சீட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கின்றன 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகள். விலங்குக்கான மருந்து என்றால் உரிமையாளர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். பதிவு பெற்ற மருந்தாளுநர் கையெழுத்திட வேண்டும். பாட்டிலின் லேபிளில் கடையின் பெயர், முகவரி, பதிவேட்டு வரிசை எண், கொடுக்க வேண்டிய அளவு எல்லாம் வேண்டும். உங்கள் பாட்டிலில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். மருந்தைக் கலந்தது அந்த உதவியாளர்தான் என்றால், அவர் பதிவு பெற்றவரா, இல்லாவிட்டால் பதிவு பெற்ற மருந்தாளுநர் பக்கத்தில் இருந்து மேற்பார்வையிட்டாரா என்ற கேள்வியும் வரும். சீட்டுக்கான மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் கலந்து கொடுக்க வேண்டும் என்கிறது மருந்தியல் சட்டம், 1948-இன் 42வது பிரிவு. கால்நடை மருத்துவர் எழுதிய சீட்டுக்கும் அது பொருந்தும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 15 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, 10 மில்லியில். மில்லிக்கு 3 மில்லிகிராம் ஆகிறது. மருத்துவர் கேட்டது 0.5. அதாவது ஆறு மடங்கு. பொடித்த மாத்திரை அடியில் தங்கும் என்பதால், குலுக்காமல் எடுத்தால் ஒவ்வொரு முறையும் அளவு மாறும். பாட்டிலைக் குலுக்கச் சொன்னார்களா, லேபிளில் எழுதியிருந்ததா என்பதை மறக்கும் முன் எழுதி வையுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் உங்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பறவையைப் புதைத்துவிட்டதால் ஒரு பலவீனம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. பிரேதப் பரிசோதனை இல்லாமல், இந்த மருந்துதான் உயிரைக் குடித்தது என்று நிரூபிப்பது கடினம். மோதிய அடியால் இறந்தது என்பார்கள். (மற்ற வாசகர்கள் கவனிக்கவும்: இப்படி ஒரு சந்தேகம் வந்தால் உடலைப் பனிக்கட்டியாக உறைய வைக்காமல் குளிர்ச்சியாக மட்டும் வைத்து, அன்றைக்கே கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள். சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, உடுமலைப்பேட்டை ஆகிய இடங்களில் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன.) ஆனால் மரணத்துக்கான காரணம் வேறு, நுகர்வோர் சட்டம் சொல்லும் சேவைக் குறைபாடு வேறு. எழுதிய அளவுக்கு ஆறு மடங்கு கொடுத்தார்கள் என்று ஆய்வில் தெரிந்தாலே குறைபாடு நிரூபணமாகிவிடும். மரணத்தோடு அதை இணைக்க முடிந்தால் இழப்பீடு கூடும், முடியாவிட்டால் குறையும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே அந்தப் பாட்டில்தான் உங்கள் வழக்கின் உயிர். அதில் பெரும்பகுதி மீதி இருக்கும். திறக்காதீர்கள், வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள், தனியார் ஆய்வகத்துக்கும் கொடுக்க வேண்டாம். இரண்டு சாட்சிகள் முன்னால் உறையிலிட்டு ஒட்டி, மேலே கையெழுத்து வாங்கி, படம் எடுத்து வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் மனு போடும்போது, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்தையே கேட்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38வது பிரிவு அதற்கு வழி செய்கிறது. மருந்துச் சட்டத்தின் 26வது பிரிவில், வாங்கியவரே கட்டணம் கட்டி அரசு பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கேட்கும் உரிமையும் உண்டு. என் விருப்பம் ஆணையம் வழியாகப் போவது. இருப்பது ஒரே ஒரு சின்ன பாட்டில், 'நீங்களே எதையோ கலந்தீர்கள்' என்ற வாதத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

குரல் பதிவு உள்ள போனை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63வது பிரிவின்படி ஒரு சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்யலாம். பில் இல்லாதது பெரிய தடை இல்லை. 180 ரூபாய் கட்டிய விவரமும் மருந்துச் சீட்டும் போதும்.

மருத்துவரைச் சேர்க்கலாமா? நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வேண்டாம். அவர் அளவைத் தெளிவாக எழுதியிருக்கிறார், தவறு கலந்த இடத்தில் நடந்திருக்கிறது. அவரை எதிரியாக்கினால் உங்களுடைய சிறந்த சாட்சியை இழப்பீர்கள். என்ன எழுதினார், எந்தக் காரணத்துக்காக எழுதினார் என்று ஒரு கடிதம் கேளுங்கள். கடையும் கிளினிக்கும் ஒரே ஆளுடையது என்று தெரிந்தால் மட்டும் இதை மறுபரிசீலனை செய்யலாம்.

போலீஸ் புகார் பயன்படாது. விலங்கைக் கொல்வது பற்றிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 325வது பிரிவுக்குத் தீங்கு செய்யும் எண்ணமோ அறிந்தே செய்ததோ வேண்டும். மிருகவதைத் தடுப்புச் சட்டமும் வேண்டுமென்றே தீய மருந்து கொடுப்பதைத்தான் பேசுகிறது. இங்கே நடந்தது கவனக்குறைவு. நீங்கள் போக வேண்டிய இடம் மருந்து கட்டுப்பாட்டுத் துறை. அங்குள்ள மருந்து ஆய்வாளருக்கு இந்த வாரமே எழுத்தில் புகார் கொடுங்கள், கடைக்கு நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே. நோட்டீஸ் கையில் கிடைத்த மறுநாள் அலமாரி காலியாகிவிடும்.

அப்புறம் நோட்டீஸ். கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் 15 நாள் அவகாசம் கொடுத்து அனுப்புங்கள். பதிவேட்டின் நகலையும், கலந்தவர் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. கால வரம்பு 2 ஆண்டு. பறவையின் விலை, சிகிச்சைச் செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு எல்லாவற்றையும் கேளுங்கள். 4,000 ரூபாய் பறவை என்று கூச்சப்பட வேண்டாம். மன உளைச்சலுக்கான தொகையை அதன் விலையை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

காக்டெயில் என்பதால் உங்களுக்கு வனத்துறைச் சிக்கல் இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்கள் வீட்டில் பச்சைக்கிளியோ நட்சத்திர ஆமையோ இருந்தால் நிலைமை வேறு. அவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் உள்ளவை, வைத்திருப்பதே குற்றம். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டுப் பறவைகளுக்குப் பதிவு வேண்டும். மனு போடுவதற்கு முன்பு அதைச் சரிபாருங்கள்.

வழக்கு போனால் ஆணையம் சமரசத்துக்கு அனுப்பலாம், கடைக்காரரும் பணம் தருவதாக முன்வரலாம். வாங்கிக்கொள்வது உங்கள் விருப்பம். ஆனால் மருந்து ஆய்வாளரிடம் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த அலமாரியில் மீதி இருக்கும் பாட்டில்களை இன்னொருவர் தன் முயலுக்கோ கிளிக்கோ வாங்கிப் போவார்.