புது டிரைவரா, பயிற்சி வகுப்பா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. இரண்டு வருடமாக கோல்ஃப் ஆடுகிறான். வீடியோ பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டவன். டிரைவரில் (மிகத் தூரமாக அடிக்கும் மட்டை) ஒரு பந்து 200 யார்டு போகிறது, அடுத்தது 150ஐத் தாண்டுவதில்லை. பாதிப் பந்துகள் வலது பக்கம் வளைந்து ஓடிவிடுகின்றன. கூட ஆடும் பையன்கள் தன்னைவிடத் தூரமாக அடிக்கிறார்கள் என்று புது டிரைவர் கேட்கிறான். அந்தப் பணத்தை ஒரு கோச்சிடம் கொடுத்தால் தூரமும் சீரும் கூடுமா?

பதில்: கூடும். டிரைவரைத் தள்ளிவைத்து, முதலில் கோச்சிடம் அனுப்புங்கள்.

காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 200 அடித்த பையன்தான் அடுத்த பந்தில் 150 அடிக்கிறான். நடுவில் அவன் பலம் எங்கும் போய்விடவில்லை. மாறியது பந்து மட்டையின் முகத்தில், அதாவது பந்தை அடிக்கும் முன்பக்கத்தில், பட்ட இடமும், படும்போது அந்த முகம் பார்த்த திசையும்தான்.

மணிக்கு 80 மைல் வேகத்தில் டிரைவரை வீசுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பந்து முகத்தின் நடுவில் பட்டால் மட்டையின் வேகத்தைப் போலக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கில், அதாவது 118 மைல் வேகத்தில் கிளம்பும். ஓரத்தில் பட்டால் 108க்கு இறங்கிவிடலாம். பந்தின் வேகத்தில் ஒரு மைல் என்பது தூரத்தில் ஏறத்தாழ இரண்டு யார்டு. வீச்சின் வேகம் கொஞ்சமும் மாறாமல் 20 யார்டு போய்விட்டது. பந்து வளைவதால் போகும் தூரம் இதற்கு மேல். ஆகவே இவனுக்குச் சீரும் தூரமும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இல்லை. சீர் வந்தாலே தூரத்தில் பெரும்பங்கு தானாக வந்துவிடும்.

பணம் செலவழிக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை டிரைவரின் முகத்தில் லேசாக அடித்துவிட்டு, பத்துப் பந்து அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடம் பதியும். தடங்கள் முகம் முழுக்கச் சிதறியிருந்தால் புது டிரைவரிலும் அப்படியேதான் சிதறும்.

வலது கை ஆட்டக்காரருக்குப் பந்து வலப்பக்கம் வளைகிறது என்றால், வீச்சு போகும் பாதையைவிட மட்டையின் முகம் வலப்பக்கம் திறந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் இதன் வேர் பிடியில் இருக்கும். பிடி, நிற்கும் நிலை, பந்தை வைக்கும் இடம் மூன்றையும் நல்ல கோச் முதல் பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார். வீடியோவால் இது முடியாது. அதில் இருப்பவரை உங்கள் மகன் பார்க்கிறான், உங்கள் மகனை யாரும் பார்ப்பதில்லை.

வீச்சின் வேகம் வேறு கதை. அது மெதுவாகத்தான் ஏறும். உயரமும் தசையும் வளர வளர வரும், இடுப்பு முதலில் திரும்பி கை பின்னால் வரும் ஒழுங்கு பழகப் பழக வரும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: "மெதுவா அடி, நேரா போகும்" என்பதையே பாடமாக நடத்தும் கோச் வேண்டாம். அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸ் 10 வயதில் பயிற்சியாளர் ஜாக் கிரவுட்டிடம் சேர்ந்தபோது, கிரவுட் முதலில் வேகமாக வீசத்தான் விட்டார், நேராக அடிக்க வைப்பது அப்புறம்தான். அந்தப் பையன் பின்னாளில் கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளான மேஜர்களில் 18 பட்டங்கள் வென்றான். சிறு வயதில் பழகிய வேகத்தைப் பிறகு கட்டுக்குள் கொண்டுவரலாம், பழகாத வேகத்தை வளர்ந்த பிறகு கொண்டுவருவது கஷ்டம்.

டிரைவர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மட்டையின் முகம் பந்தை எவ்வளவு துள்ளவைக்கலாம் என்பதற்கு விதிகளில் எல்லை உண்டு. அதனால் மாடல் புதியது என்பதற்காக மட்டும் பந்து பெரிதாகத் தூரம் போகாது. ஆனால் இப்போது கையில் இருப்பது பெரியவர்களின் பழைய மட்டையா? தண்டு கனமாக, விறைப்பாக இருந்தால் பையனால் சுழற்ற முடியாது. முகச்சாய்வு (முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) 9 டிகிரி என்றால் அவன் வேகத்துக்குப் பந்து எழும்பாமல் தாழ்ந்தே போகும், 12ஐ ஒட்டி இருந்தால் பொருந்தும். முதல் வகுப்பிலேயே கோச்சிடம் மட்டையைக் காட்டிக் கேளுங்கள். மாற்றச் சொன்னால், பொருத்தமான அளவில் பயன்படுத்திய மட்டையே போதும். இந்த வயதில் உயரம் ஏறிக்கொண்டே இருக்கும்.

பலன் தெரிகிறதா என்பதை மிக நன்றாக அடித்த பந்தை வைத்துப் பார்க்காதீர்கள். வகுப்புக்கு முன் பத்துப் பந்து அடிக்கச் சொல்லி, அதில் மோசமான மூன்று எங்கே விழுந்தன என்று குறித்துவையுங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி பத்து அடிக்கச் சொல்லி, அதிலும் மோசமான மூன்றைப் பாருங்கள். நடுவில் முதல் இரண்டு மூன்று வாரம் ஆட்டம் கெடலாம். பிடியை மாற்றினால் யாருக்கும் அப்படித்தான், பையனிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் மனம் உடைய மாட்டான். திடீரென்று உயரம் கூடும் மாதங்களிலும் வீச்சு தடுமாறும். அதற்குக் கோச்சைக் குறை சொல்ல வேண்டாம்.

கேள்வி: இருபது வகுப்பு மொத்தமாக எடுத்தால் சலுகை என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: முதலில் ஒன்று மட்டும். அது முடிந்ததும், என்ன மாற்றச் சொன்னார் என்று மகனிடம் கேளுங்கள். ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் கோச் நல்லவர். ஏழெட்டு விஷயம் சொல்லிக் குழம்பினால் வேறு ஆள் பாருங்கள்.

பிடித்திருந்தால் நான்கைந்து வகுப்பு, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக. இடையில் வாரம் மூன்று நாளாவது தனியாகப் பழக நேரம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இருபது வகுப்பும் வீண்தான். பிறகு மொத்தமாக எடுப்பதானால், எத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும், காயம் பட்டால் மீதிப் பணம் திரும்பி வருமா, இந்தக் கோச் விலகினால் யார் சொல்லித்தருவார் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு பணம் கட்டுங்கள்.