கட்டாக்காலி நாய்களை அகற்றாமல் தடுப்பூசி போடுவது ஏன்?

நீர்வெறுப்பு நோய், அதாவது விசர்நாய்க்கடி நோய், கடிக்கும் விலங்கின் உமிழ்நீரிலிருந்து புகுந்து, நரம்பு வழியே மூளையை அடையும் வைரசு நோயாகும். அறிகுறி தோன்றியபின் பிழைப்பது மிக அரிது.

திருகோணமலையில் மீன் விற்குமிடங்களின் பின்புறம் செதிலும் குடலும் கொட்டிக் கிடக்கும்வரை, அங்குள்ள நாய்களைப் பிடித்து அகற்றினாலும், ஊசி போடப்படாத வேறு நாய்கள் அந்த இடத்துக்கு வந்துசேரும். மாறாக, ஓரிடத்து நாய்களில் 70 சதவீதமானவற்றுக்கேனும் ஆண்டுதோறும் ஊசி போட்டுவந்தால், நோயுற்ற நாய் கடிக்கும் அடுத்த நாய் பெரும்பாலும் காப்புள்ளதாகவே இருக்குமாதலால், தொற்று அங்கேயே அறுந்துவிடும். கிடுகுக் கூரைகள் நெருங்கிய ஒழுங்கையில் தாவித் தாவிப் பரவும் தீ, ஓட்டு வீடுகள் நிறைந்த ஒழுங்கையில் ஒரு வீட்டோடு நின்றுவிடுவதைப் போன்றது இது.

உரோமம் உதிர்ந்த சொறிநாயைக் கண்டு விசர் என்று அஞ்சத் தேவையில்லை. சொறி வேறு நோய். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

பெயரைக் கொண்டு, தண்ணீர் குடிக்கும் நாய்க்கு இந்நோய் இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் நீரைக் கண்டு அஞ்சுவது நோயுற்ற மனிதரிடம் காணப்படும் அறிகுறியே தவிர, நாயிடம் தேட வேண்டியது அன்று.