துப்பாக்கி தயார், தோட்டா இல்லை: வாங்கலாமா?

கேள்வி: ஐயா, பெரம்பூரில் அடகுக் கடை நடத்துகிறேன். வயது 52. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கடை சாத்தும் நேரத்தில் இருவர் கத்தியுடன் நுழைந்தார்கள். தெருவில் கூட்டம் சேர்ந்ததால் ஓடிவிட்டார்கள். அதன் பிறகு விண்ணப்பம் போட்டு, பதினான்கு மாதம் அலைந்து, 0.32 ரிவால்வருக்கு உரிமம் வாங்கினேன். அண்ணா சாலையில் உள்ள கடையில் ரிவால்வர் இருக்கிறது. ஆனால் தோட்டா பத்துதான் தர முடியும், அடுத்த சரக்கு எப்போது வரும் என்று தெரியாது என்கிறார்கள். ஆயுதம் வாங்க உரிமத்தில் போட்டிருக்கும் கெடு முடிய மூன்று மாதமே இருக்கிறது. டெக்சாஸில் இருக்கும் மைத்துனர், “முதலில் துப்பாக்கியை வாங்கிப் போடுங்கள், தோட்டா ஒரு பெட்டி நான் கொண்டுவருகிறேன்” என்கிறார். உரிமம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தன்னிடம் உள்ளதில் இருபது தருவதாகச் சொல்கிறார். வாலாஜாபாத் பக்கம் நிலம் வைத்திருக்கும் பெரியப்பா, தன் பழைய 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: இந்த மாதம் ரிவால்வரை வாங்காதீர்கள். வேப்பேரியில் உள்ள சென்னை காவல் ஆணையர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் உங்களுக்கு யோசனை சொன்ன மூவரையும் குறுக்கு விசாரணை செய்துவிடுகிறேன். மூவருமே உங்கள் நலம் விரும்பிகள்தான். ஆனால் மூவர் சொன்னதையும் சொன்னபடியே செய்தால் உங்களுக்கு ஜாமீன் மனு போட நான் வர வேண்டியிருக்கும்.

மைத்துனரிலிருந்து தொடங்குவோம். அவர் ஊர் அனுபவம் பொய்யல்ல. 2020-ல் கொரோனா அச்சத்தில் அமெரிக்கர்கள் துப்பாக்கிக் கடைகளை மொய்த்தார்கள். அந்த ஒரே ஆண்டில் அங்கே துப்பாக்கி தொடர்பாக நடந்த பின்னணிச் சோதனைகள் 3.9 கோடிக்கு மேல். தோட்டா அலமாரிகள் காலியாயின. பெயர்பெற்ற ரெமிங்டன் நிறுவனம் அதே ஆண்டு ஜூலையில் திவாலாகி, அதன் தோட்டா ஆலை கைமாறியது. அப்போதும் துப்பாக்கியை முதலில் வாங்கியவர் பெரிதாக ஏமாறவில்லை. ஆலைகள் சுற்றத் தொடங்கியதும் தோட்டா திரும்ப வந்தது. வேண்டிய அளவு வாங்கி அடுக்கிக்கொள்ளவும் அங்கே பெரும்பாலும் தடையில்லை.

இங்கே கதை வேறு. நம் ஊரில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை இல்லை, அரசு எழுதிக் கொடுக்கும் அனுமதி. அந்த அனுமதி தோட்டாவுக்கும் எண்ணிக்கை போடுகிறது. உங்கள் உரிமத்தை எடுத்துப் பாருங்கள்: ஒரே சமயத்தில் எத்தனை வைத்திருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம் என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடைக்காரர் அதில் பதிவு செய்வார். வெளிநாட்டுச் சரக்கு சாதாரண உரிமதாரருக்கு 1980-களிலிருந்தே கிடைப்பதில்லை. ஆக நாம் பெரும்பாலும் நம்பியிருப்பது அரசு ஆலைகளை. 2021 அக்டோபரில் அந்த ஆலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். ரிவால்வர் செய்யும் கான்பூர் ஒரு நிறுவனத்தில், தோட்டா செய்யும் கட்கி வேறொரு நிறுவனத்தில். ஒன்று கடைக்கு வந்துவிட்டதால் மற்றதும் பின்னாலேயே வந்துவிடும் என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை.

இப்போது அந்தப் பெட்டி. ஆயுதச் சட்டம், 1959-ன் 10-ஆம் பிரிவின்படி, அனுமதியின்றி வெளிநாட்டிலிருந்து தோட்டா கொண்டுவரக் கூடாது. உங்களிடம் உரிமம் இருப்பது அவருக்கு உதவாது. அது இங்கே வாங்கத்தான். சுங்கச் சட்டம் தனியாக வந்து நிற்கும். அவருக்குப் பழக்கமான 9 மி.மீ. தோட்டா என்றால் இன்னும் மோசம், அது இங்கே பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை. என்னிடம் வழக்குக்காக ஒரு கட்சிக்காரர் வந்தார். மீனம்பாக்கத்தில் அவர் பையின் ஓரப் பாக்கெட்டில் ஒரே ஒரு பழைய தோட்டா அகப்பட்டது. அது எப்போது விழுந்தது என்று அவருக்கே தெரியாது. தெரிந்தே வைத்திருந்தால்தான் ‘வசம் வைத்திருத்தல்’ ஆகும் என்று உச்ச நீதிமன்றம் குன்வந்த்லால் வழக்கில் 1972-லேயே சொல்லியிருப்பதால் அவர் தப்பித்தார். தப்பிக்கும்வரை போன விமானமும் பட்ட அவமானமும் திரும்ப வரவில்லை. உங்கள் மைத்துனருக்கு அந்த வாதமும் கிடையாது. அவர்தான் தெரிந்தே ஒரு பெட்டி கொண்டுவருகிறாரே!

நண்பரின் இருபது தோட்டா பார்க்க எளிமையாக இருக்கிறது. அவருக்கும் உரிமம், உங்களுக்கும் உரிமம், இடையில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். சட்டம் இந்தக் கதவை முழுதாக மூடவில்லை. தன் சொந்த உபயோகத்துக்குச் சட்டப்படி வைத்திருப்பதை, வைத்திருக்கத் தகுதியுள்ள இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க 5-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் கொடுப்பவர் உரிமம் வழங்கும் அதிகாரிக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாட்கள் கழிய வேண்டும். காபி குடித்துக்கொண்டே கைமாற்றினால் அது 5-ஆம் பிரிவை மீறிய கைமாற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டு. கொடுத்தவர் மட்டுமல்ல, அப்படிப் பெற்றவரும் அந்தப் பிரிவுக்குள் வருகிறார். முறைப்படி எழுதித்தான் தருவேன் என்று நண்பர் சொன்னால் நல்ல மனிதர், வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் உரிமத்தில் உள்ள எண்ணிக்கைக்குள் அது அடங்கட்டும். கையோடு இன்னொன்று: காலித் தோட்டாவில் மருந்து அடைத்துத் தருகிற ஆள் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். அது உரிமமில்லாத தயாரிப்பு. தட்டுப்பாட்டுக் காலத்தில் இந்தப் பேச்சு கண்டிப்பாகக் காதில் விழும்.

பெரியப்பாவின் யோசனையையும் முழுதாக ஒதுக்கிவிட மாட்டேன். ‘எடுத்துக்கொண்டு போ’ என்பதுதான் தவறு. உங்கள் உரிமம் 0.32 ரிவால்வருக்கு. இரட்டைக்குழலைப் போர்வையில் சுற்றி வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறினால் அந்த நிமிடமே நீங்கள் உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருப்பவர். இரண்டு முதல் ஐந்து ஆண்டு. ஆனால் அந்தத் துப்பாக்கியின் இனத்தைப் பாருங்கள். குழல் உட்புறம் வழவழப்பாகவும் 20 அங்குலத்துக்குக் குறையாத நீளத்திலும் இருக்கும் துப்பாக்கியைத் தற்காப்புக்குக் கேட்பவருக்கு, சட்டத்தின் 13-ஆம் பிரிவே தனிச் சலுகை காட்டுகிறது. வேறு மறுப்புக் காரணம் இல்லையென்றால் கொடுத்தாக வேண்டும் என்ற வகையில்தான் அது எழுதப்பட்டிருக்கிறது. ரிவால்வருக்கு அப்படி இல்லை. தக்க காரணம் இருக்கிறது என்று அதிகாரி திருப்தியடைய வேண்டும். நீங்கள் பதினான்கு மாதம் அலைந்ததன் ரகசியம் பாதி இதில் இருக்கிறது.

ஆகவே அண்ணா சாலைக் கடைக்காரரிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள்: 12 போர் தோட்டா தாராளமாக வருகிறதா? வருகிறது என்றால், உரிமத்தில் ஆயுத வகையை மாற்றித் தரவோ கூடுதலாகச் சேர்க்கவோ விண்ணப்பிக்கலாம். ஒருவர் இரண்டு துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். முன்பு மூன்று, 2019-ல் குறைத்தார்கள். மாற்றம் கிடைத்த பிறகு பெரியப்பா தன் பகுதியில் எழுத்தில் அறிவித்து, அதே 45 நாள் கழித்து, உங்களுக்கு மாற்றித் தரலாம். பெரியப்பா காட்டுப்பன்றிக்காக அதை வைத்திருந்தார் என்றால் ஒரு வார்த்தை: உரிமம் இருப்பதாலேயே பன்றியைச் சுடும் அதிகாரம் வந்துவிடாது. அது வனவிலங்குச் சட்டத்தின் பட்டியலில் உள்ள விலங்கு. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம் என்று 2025-ல் தமிழக அரசு அறிவித்ததும் வனத்துறையினருக்குத்தான்.

சரி, பத்துத் தோட்டாவோடு ரிவால்வரை வாங்கினால் என்ன குடி முழுகிவிடும்? முழுகாது. ஆனால் கணக்குப் போடுங்கள். ஆறு உள்ளே போனால் மிச்சம் நான்கு. பயிற்சிக்கு எதைச் சுடுவீர்கள்? உரிமத்துக்காக ஒரு பயிற்சிச் சான்றிதழ் வாங்கியிருப்பீர்கள். அதன் பிறகு ஒரு முறையும் சுடாத கை, கத்தியைப் பார்த்த பதற்றத்தில் என்ன செய்யும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். நாளைக்கு மனம் மாறி விற்க நினைத்தாலும் அதே 45 நாள் நடைமுறை. வாங்குபவரும் உங்களைப்போலத் தோட்டா தேடி அலைபவராகவே இருப்பார். இன்னொரு பொறியும் உண்டு: ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் ‘0.32’ என்றே பெயர். தோட்டா நீளம் வேறு, ஒன்றுக்கு மற்றது பயன்படாது. ‘0.32 தோட்டா வந்துவிட்டது’ என்ற போனை நம்பிப் பணம் கட்டுமுன் எதற்கான 0.32 என்று கேளுங்கள்.

நீங்கள் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்காகத்தான் இத்தனையும். எப்போது சுடலாம்? இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆம் பிரிவு, கொள்ளையைத் தடுக்கும்போது தேவையானால் உயிர் போகும் அளவுக்கும் தற்காத்துக்கொள்ள உரிமை தருகிறது. கத்தியுடன் கடைக்குள் நின்ற அந்த இருவரும் அந்தப் பிரிவுக்குள் வருகிறார்கள். ஆனால் 43-ஆம் பிரிவு அந்த உரிமைக்குக் கால எல்லை போடுகிறது. கொள்ளையைப் பொறுத்தவரை, உடனடி மரணம், காயம், அடைத்துவைப்பு ஆகியவற்றின் அச்சம் நீடிக்கும் வரைதான் அது உயிரோடு இருக்கும். உங்கள் கடையில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தைக் கண்டு அவர்கள் தெருவில் ஓடத் தொடங்கிய பிறகு முதுகில் சுட்டிருந்தால், அரசுத் தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்கும் கேள்வி ‘அப்போது உங்களுக்கு என்ன பயம்?’ என்பதுதான். அந்த நேரத்தில் பெரம்பூர்த் தெருவில் கூட்டம் நின்றது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தவறிய தோட்டா யார் மேல் பட்டிருக்கும்? அஜாக்கிரதையாகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதற்கென்றே தண்டனைப் பிரிவுகள் இருக்கின்றன.

என் தனிப்பட்ட அபிப்பிராயம்: உள்ளிருந்து பூட்டும் இரும்புக் கதவு, சாத்தும் நேரத்தில் இரண்டாவது ஆள், அடகு நகைக்குக் காப்பீடு. துப்பாக்கிக்கு முன் இந்த மூன்றும் உங்களிடம் இருக்க வேண்டும். அவற்றுக்குத் தட்டுப்பாடும் இல்லை. கடைப் பையனிடம் ‘நான் சாப்பிட்டு வருகிறேன், இதைப் பார்த்துக்கொள்’ என்று ரிவால்வரைக் கொடுத்துவிட்டுப் போவதும் கூடாது. உரிமம் உங்கள் பெயரில், கடையின் பெயரில் அல்ல. தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிக் கடிதம். பெரம்பூர் பெருநகர சென்னைக் காவல் எல்லைக்குள் வருவதால் உங்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரி சென்னை காவல் ஆணையர். மாநகரங்களில் மாவட்ட ஆட்சியரின் இடத்தில் ஆணையரையே சட்டம் வைத்திருக்கிறது. 2022 முதல் தாம்பரம், ஆவடிக்குத் தனி ஆணையரகங்கள் உண்டு. அந்தப் பகுதி வாசகர்கள் வேப்பேரிக்கு வந்து வெயிலில் நிற்க வேண்டாம். கடிதம் ஒரு பக்கம் போதும். உரிம எண், வழங்கிய நாள், ஆயுதம் வாங்கக் குறித்த கெடு. அதற்குள் வாங்கத் தயாராக இருப்பதாகவும், தோட்டா கிடைக்காததால் வாங்குவது பயனற்றது என்றும், கெடுவை நீட்டித்துத் தருமாறும் கேளுங்கள். கடைக்காரரிடம் ‘0.32 ரிவால்வர் தோட்டா கையிருப்பில் பத்து மட்டுமே’ என்று அவர் கடைத் தாளில், தேதியும் முத்திரையும் போட்டு எழுதி வாங்கி இணையுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை ஆணையர் அலுவலகம் ஏற்காது. 12 போருக்கு மாற விருப்பமிருந்தால் அதைத் தனி விண்ணப்பமாகக் கொடுங்கள். ஒரே தாளில் இரண்டு கோரிக்கை இருந்தால் இரண்டும் ஒரே மேசையில் தூங்கும்.

கெடு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, அதாவது இந்த வாரமே, நேரில் கொடுத்து நகலில் ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தில் மறுத்தால் ஆயுதச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். ஆறு வாரம் வரை பதிலே வரவில்லை என்றால், விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்க உத்தரவிடுமாறு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அப்போது நீதிபதி முதலில் கேட்பது அந்த முத்திரை போட்ட நகலைத்தான்.