கொசுவத்தியும் ஏர் பியூரிஃபையரும் ஒரே அறையில்

கேள்வி: டாக்டர், பெரம்பூரில் மெயின் ரோட்டைப் பார்த்த அடுக்குமாடி வீட்டில், முதல் மாடியில் இருக்கிறோம். என் மகனுக்கு ஏழு வயது. மூன்று வருடமாக வீசிங். ஆஸ்துமா என்று சொல்லி, தினமும் இழுக்க இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். தூசு அலர்ஜி இருப்பதாகவும் டெஸ்டில் வந்தது. ராத்திரியில்தான் இருமல் அதிகம். ஏர் பியூரிஃபையர் வைத்தால் குறையும் என்று சொல்கிறார்கள். கடையில் 28,000 ரூபாய்க்கு ஒன்று காட்டினார்கள். ஹெப்பா ஃபில்டர், அயனைசர், யு.வி. லைட், ஹியூமிடிஃபையர் எல்லாம் இருக்கிறதாம், 500 சதுர அடிக்கு வேலை செய்யுமாம். ஹாலில் வைத்தால் வீடு முழுக்கப் போதுமா? கொசுத் தொல்லையால் இரவு ஜன்னலைச் சாத்திவிட்டு, கொசுவத்தி ஏற்றித்தான் படுக்கிறோம். மாமியார் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவார். என் கணவர் சிகரெட் பிடிப்பார், ஆனால் பால்கனியில்தான். மிஷின் வாங்கிவிட்டால் இன்ஹேலரை நிறுத்திவிடலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இன்ஹேலரை நிறுத்தாதீர்கள்.

பியூரிஃபையர் அறைக்குள் இருக்கும் காற்றைத்தான் வடிகட்டும். பையனின் மூச்சுக்குழாய்க்குள் ஏற்கெனவே இருக்கிற வீக்கத்தை அதனால் தொட முடியாது. அந்த வீக்கத்தை அடக்கி வைத்திருப்பது அவன் தினமும் இழுக்கிற தடுப்பு மருந்துதான். "பழகிப்போய்விடும்" என்று பயந்து, நன்றாக இருக்கிற மாதங்களில் அதை நிறுத்திவிட்டு, ஐப்பசி மழை தொடங்கியதும் நடுராத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நெபுலைசருக்கு ஓடி வருகிற பெற்றோரை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். இன்ஹேலரில் ஒரு இழுப்புக்குப் போகும் மருந்து மைக்ரோகிராம் கணக்கு. மூச்சிரைப்பு முற்றியபின் வாய்வழியாகக் கொடுக்க வேண்டிவரும் ஸ்டீராய்டு மில்லிகிராம் கணக்கு. ஒரு மில்லிகிராம் என்றால் ஆயிரம் மைக்ரோகிராம். சின்ன அளவுக்குப் பயந்து பெரிய அளவில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். மூன்று மாதம் இரவு இருமலே இல்லாமல், ஓடியாடி விளையாடியும் இழுப்பு வராமல் இருந்தால், மருந்தைக் குறைப்பது பற்றி அவனைப் பார்க்கும் மருத்துவரே பேசுவார். அதுவரை ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வைத்து இழுக்கட்டும், இழுத்தபின் வாய் கொப்பளிக்கட்டும்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். மிஷினைப் பற்றி ஐந்தாறு வரி எழுதிவிட்டு, போகிற போக்கில் "ஜன்னலைச் சாத்திவிட்டு கொசுவத்தி ஏற்றி" என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி இருமலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்.

கொசுவத்தி என்பது மரத்தூள், தேங்காய் ஓட்டுத்தூள் போன்றவற்றோடு கொஞ்சம் பூச்சி மருந்து சேர்த்துப் பிசைந்த சுருள். எட்டு மணி நேரம் புகைந்துகொண்டே இருக்கும். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திகளைக் கொளுத்திப் பார்த்த ஓர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகளின் எடை, 75 முதல் 137 சிகரெட் கொளுத்தினால் வருவதற்குச் சமம் என்று அதில் கண்டார்கள். நுண்துகள் என்று நான் சொல்வது செய்தியில் பி.எம். 2.5 என்று வருகிறதே, அது. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நேராக நுரையீரலின் அடி வரை போய்விடும். அப்படி ஒரு சுருளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, ஜன்னலையும் மூடிவிட்டு, அதே அறையில் 28,000 ரூபாய் மிஷினை ஓடவிடுவது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது மாதிரி.

கொசுவையும் விட முடியாது, அது தெரியும். ஆஸ்துமா இருக்கிற பையனுக்கு டெங்கு வேறு வரவேண்டாம். ஜன்னலுக்கு வலை அடியுங்கள், கட்டிலுக்குக் கொசுவலை கட்டுங்கள். கட்டில் வலை வேர்க்கும், காற்று வராது என்று முனகுவார்கள். ஒரு வாரம் போனால் பழகிவிடும். பிளக்கில் சொருகும் லிக்விட் புகை விடாது என்பதால் கொசுவத்தியைவிடப் பரவாயில்லைதான். ஆனாலும் அதுவும் பூச்சி மருந்துதான், அதன் வாடைக்கே இருமும் குழந்தைகள் உண்டு. வேறு வழியே இல்லையென்றால் சாயங்காலம் ஆளில்லாத அறையில் ஒரு மணி நேரம் போட்டுவிட்டு, படுக்கும்போது அணைத்துவிடுங்கள்.

சாம்பிராணி விஷயத்தில் மாமியாரோடு சண்டைக்குப் போகாதீர்கள். வாரத்தில் ஒரு நாள், சில நிமிடம். பையன் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துப் போடச் சொன்னால் போதும். தினமும் ஏற்றும் ஊதுபத்தியும் அப்படித்தான். அலமாரியில் பாச்சை உருண்டை இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அதிலிருந்து வருவது ஆவி, துகள் பிடிக்கும் ஃபில்டர் அதை ஒன்றும் செய்யாது.

அடுத்து தூசு அலர்ஜி. டெஸ்டில் இப்படி வந்தால் பெரும்பாலும் குற்றவாளி டஸ்ட் மைட் என்கிற, கண்ணுக்குத் தெரியாத உண்ணி. நம் தோலிலிருந்து உதிரும் செதிளைத் தின்று மெத்தை, தலையணை, கரடி பொம்மைக்குள் குடியிருக்கும். அலர்ஜி வருவது பெரும்பாலும் அதன் எச்சத்தால். அந்த எச்சம் கொஞ்சம் கனமானது. படுக்கையை உதறினால் மேலே எழும்பி, அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கீழே படிந்துவிடும். காற்றில் மிதந்து வந்தால்தானே மிஷின் இழுக்க முடியும்? பையன் மூக்கைப் புதைத்துத் தூங்கும் தலையணைக்குள் இருப்பதை மூலையில் நிற்கும் மிஷின் என்ன செய்யும்? கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

நம் ஊர் வெயில் இதற்கு நல்ல மருந்து. மெத்தையையும் தலையணையையும் வாரம் ஒரு முறை மொட்டை மாடியில் நல்ல வெயிலில் போட்டு, தட்டி எடுங்கள். தட்டும்போது பையன் கூட நிற்கக் கூடாது. விரிப்பும் உறையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கட்டும். பழைய இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றிவிடுங்கள், தாத்தா காலத்தது என்றாலும். தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். கரப்பான்பூச்சியும் ஆஸ்துமாவைக் கிளறும், சுவரில் ஓதம் இறங்கிப் பூத்திருக்கும் பூஞ்சையும் கிளறும். இவற்றுக்கும் மிஷின் வழி சொல்லாது.

அப்படியானால் பியூரிஃபையர் வீண் செலவா? எல்லோருக்கும் இல்லை. மெயின் ரோட்டு வீடு என்கிறீர்கள், வண்டிப் புகை வரத்தான் செய்யும். தீபாவளி இரவும் போகி விடியற்காலையும் சென்னையில் ஆஸ்துமாக்காரர்களுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதிரி புகையைப் பிடிப்பதில் நல்ல ஹெப்பா ஃபில்டர் கெட்டிக்காரன். ஆனால் உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்டாக வேண்டும். படுக்கை அறையில் ஏசி இருக்கிறதா? இருந்தால் கதவு, ஜன்னல் எப்படியும் மூடியிருக்கும், உள்ளே இருக்கும் அதே காற்றை மிஷின் திரும்பத் திரும்ப வடிகட்டும், பலன் தெரியும். ஏசி இல்லை, வலை அடித்தபின் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்கப்போகிறீர்கள் என்றால், வாங்காதீர்கள். பெரம்பூர் காற்று முழுவதையும் அந்தச் சின்ன மிஷின் சுத்தம் செய்யாது. அந்தப் பணத்தில் நல்ல ஜன்னல் வலையும் தலையணை உறைகளும் வாங்கினால் மிச்சமும் இருக்கும்.

ஏசி அறை என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். பெட்டியின்மேல் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். ஒன்று, உண்மையான ஹெப்பாவா என்பது. எச்13 என்று போட்டிருந்தால், பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுத் துகளிலேயே 99.95 சதவீதத்தைப் பிடிக்கும் என்று அர்த்தம். அந்தக் கடினமான அளவு சுமார் 0.3 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைவிடப் பொடியானவை இன்னும் எளிதாகச் சிக்கும் என்பதுதான் வேடிக்கை. ஹெப்பா சல்லடை மாதிரி வேலை செய்வதில்லை. மிகப் பொடித்துகள் காற்றில் நேராகப் போகாமல் தள்ளாடித் தள்ளாடிப் போகும், அப்படிப் போகும்போது இழையில் முட்டி ஒட்டிக்கொள்ளும். "ஹெப்பா டைப்", "ஹெப்பா போன்றது" என்று எழுதியிருந்தால் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று சி.ஏ.டி.ஆர். என்ற எண். மிஷின் ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தரும் என்பதைச் சொல்வது. "500 சதுர அடி" என்பதை நம்பாதீர்கள், இந்த எண்ணைக் கேளுங்கள். கணக்கு சுலபம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, கூரை பத்தடி உயரம் என்றால் 1,200 கன அடி, அதாவது சுமார் 34 கன மீட்டர். ஆஸ்துமா இருக்கும் வீட்டில் மணிக்கு ஐந்து முறையாவது அறைக்காற்று முழுக்க வடிகட்டப்பட வேண்டும் என்று வைத்தால், 34 பெருக்கல் 5, ஆக 170. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணோ மிஷின் முழு வேகத்தில் இரையும்போது கிடைப்பது. அந்தச் சத்தத்தில் யாரும் தூங்கமாட்டார்கள், நீங்களே எழுந்து குறைத்துவிடுவீர்கள். குறைத்தால் காற்றும் குறைந்துவிடும். அதனால் 300 அல்லது அதற்குமேல் உள்ளதை வாங்கி, நடுத்தர வேகத்தில் இரவு முழுக்க ஓடவிடுங்கள். இந்த அளவு மிஷின் அந்த 28,000 ரூபாய்க்குப் பாதி விலையிலேயே கிடைக்கும். மின்சாரத்துக்குப் பயப்பட வேண்டாம். 40 வாட் மிஷின் பத்து மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்டுக்கும் குறைவு.

கடைக்காரர் அடுக்கிய மற்ற அலங்காரங்களைத் துணிந்து தள்ளலாம். அயனைசர் துகளுக்கு மின்னேற்றம் கொடுத்துச் சுவரிலும் தரையிலும் ஒட்டவைக்கும், கூடவே கொஞ்சம் ஓசோனையும் உண்டாக்கலாம். ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு, உங்கள் பையனுக்கு ஆகாது. அயனைசர் இல்லாததைப் பாருங்கள், இருந்தால் தனியாக அணைக்க முடிகிறதா என்று கடையிலேயே அழுத்திப் பார்த்து வாங்குங்கள். "ஓசோனால் சுத்தம்" என்று பெருமையாக விற்கும் மிஷின் பக்கமே போகாதீர்கள். யு.வி. லைட்டைக் காற்று ஒரு நொடியில் கடந்துவிடும், அதற்குள் கிருமி சாக நேரமிருக்காது. ஹியூமிடிஃபையர் சென்னைக்கா? டெல்லியில் டிசம்பரில் கேட்டால்கூட யோசிக்கலாம். நம் புழுக்கத்தில் இன்னும் ஈரம் ஏற்றினால் டஸ்ட் மைட்டுக்கும் பூஞ்சைக்கும்தான் கொண்டாட்டம். கரி ஃபில்டர் மட்டும் கொஞ்சம் பயன்படும், வாடையைக் குறைக்கும். ஆனால் மெல்லிய தாள் மாதிரி இருந்தால் சீக்கிரமே நிரம்பிவிடும்.

மிஷின் விலையைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது மாற்று ஃபில்டரின் விலை, அது நம் ஊரில் கிடைக்கிறதா என்பது. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டிவரும். ஹெப்பாவைத் தண்ணீரில் கழுவக் கூடாது. முன்னால் உள்ள வலையை மட்டும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை சுத்தம் செய்யுங்கள்.

ஹாலில் வேண்டாம். பையன் தூங்கும் அறையில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி, திரைச்சீலை மறைக்காத இடத்தில் வையுங்கள். படுக்கப்போவதற்கு அரை மணி முன்பே கதவைச் சாத்தி ஓடவிடுங்கள். மின்விசிறி சுற்றலாம். ஒன்று ஞாபகம் இருக்கட்டும். மிஷின் கரியமில வாயுவைக் குறைக்காது, புதுக் காற்றும் தராது, ஸ்பிளிட் ஏசியும் தராது. மத்தியானம் கடல் காற்று வீசத் தொடங்கியபின் ஒரு மணி நேரம் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். விடியற்காலையில் காற்று அசையாமல் புகை தரையோடு தங்கியிருக்கும், "காலைக் காற்று நல்லது" என்று அப்போது திறக்க வேண்டாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் அருகிலுள்ள நிலையத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளலாம். சமையலறையில் தாளிக்கும்போது எக்சாஸ்ட் ஃபேன் ஓடட்டும்.

பால்கனி சிகரெட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதல் மாடிப் பால்கனியில் விட்ட புகை திரும்ப உள்ளேதான் வரும், சட்டையிலும் மூச்சிலும் ஒட்டிக்கொண்டும் வரும். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில், புகைபிடிப்பவர் இருக்கும் வீட்டு ஆஸ்துமாக் குழந்தைகளுக்குப் பியூரிஃபையர் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. வீட்டில் துகள் குறைந்தது, தொந்தரவில்லாத நாட்கள் கூடின. ஆனால் குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்த சிகரெட் புகை மட்டும் நின்றபாடில்லை. இந்தப் பத்தியை உங்கள் கணவரிடம் காட்டுங்கள். விட வேண்டும் என்று நினைத்தால் மாத்திரையும் நிக்கோட்டின் சூயிங்கமும் இருக்கின்றன, வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

என்னதான் செய்தாலும், மூச்சு விடும்போது விலாவுக்கு இடையே குழி விழுந்தாலோ, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மிஷினின் திரையில் என்ன எண் காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வாங்கி வந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. "எட்டு மாதமாக ஓடுகிறது, ஒரு பலனும் இல்லை" என்று ஒரு தந்தை என்னிடம் குறைப்பட்டார். மிஷினைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பின்மூடியைத் திறந்து எடுத்திருந்தார். கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை ஃபில்டரைச் சுற்றி அப்படியே இருந்தது. முதல் முறை ஸ்விட்ச் போடுவதற்கு முன் அதைக் கழற்றிவிடுங்கள்.