காமராஜர் விட்ட நாற்காலி

கேள்வி: 1954இல் முதல்வரானபோது காமராஜர் எம்.எல்.ஏ.வே இல்லையாமே? - கோவில்பட்டி வாசகர்

பதில்: ஆமாம். அப்போது அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி. சட்டமன்றக் காங்கிரஸ் தலைவர் போட்டியில் சி.சுப்பிரமணியத்தை 93-41 என்று வென்று, ஏப்ரல் 13 அன்று பதவியேற்றார். அவையில் இல்லாதவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும். தவறினால் பதவி போய்விடும். 1952இல் ராஜாஜி மேலவை நியமனம் பெற்று முதல்வரானார். காமராஜர் அந்த வழியைத் தொடவில்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். தோற்ற சுப்பிரமணியத்தையும் அவருக்குத் துணைநின்ற பக்தவத்சலத்தையும் அமைச்சர்களாக்கியதுதான் அவருடைய பெரிய சாமர்த்தியம் என்பேன். கட்சிக்குள் எதிர்ப்பைத் தணிக்க அது உதவியது.

கேள்வி: ‘காமராஜர் திட்டம்’ உண்மையில் எப்படி நடந்தது? - ஈரோடு வாசகி

பதில்: 1962 சீனப் போருக்குப் பின் காங்கிரஸ் மேல் கோபம் இருந்தது. 1963 இடைத்தேர்தல்களில் எதிர்க்கட்சித் தலைவர்களான கிருபளானி, லோகியா, மசானி மூவரும் காங்கிரசை வீழ்த்தி மக்களவைக்குள் வந்தார்கள். மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றார் காமராஜர். எல்லாரும் ராஜினாமாவை நேருவிடம் கொடுத்துவிட வேண்டும், யாருடையதை ஏற்பது என்பதை அவர் முடிவு செய்வார் என்பது ஏற்பாடு. ஆறு மத்திய அமைச்சர்களும் ஆறு முதல்வர்களும் விலகினார்கள். காமராஜர் விலகியது அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில்.

கோளாறும் அங்கேதான். தேர்வு ஒருவர் கையில் இருந்ததால், விலகிய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாயை ஓரங்கட்டவே இந்தத் திட்டம் என்ற சந்தேகம் கிளம்பியது. 1964 ஜனவரியில் நேரு நோயுற்றதும், விலகியவர்களில் ஒருவரான லால் பகதூர் சாஸ்திரி மறுபடி மத்திய அமைச்சரானார். தமிழகத்தில் விலை இன்னும் அதிகம்: அரிசித் தட்டுப்பாடும் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டமும் வந்தபோது, ஊர் ஊராக மக்களின் நாடியறிந்த மனிதர் முதல்வர் நாற்காலியில் இல்லை. அந்த விலகலைத் தியாகம் என்று போற்றுகிறோம், அது நியாயமே. ஆனால் மாநிலத்துக்கு அது பெரிய இழப்பு.

கேள்வி: விருதுநகரில் தோற்ற பிறகு? - தேனி வாசகர்

பதில்: 1967 சட்டமன்றத் தேர்தலில் காமராஜர் தி.மு.க.வின் பெ.சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குப் போனார். 1971இலும் அங்கேயே வென்றார். 1975 அக்டோபர் 2 அன்று மறைந்தபோதும் நாகர்கோவில் எம்.பி.தான்.