கிப்ஸா ஹென்றியா? முதல்ல உங்க லீக் ரூலைப் பாருங்க

ப்ரோ, ஃபேன்டஸி ஃபுட்பால்ல (நிஜ NFL, அதாவது அமெரிக்க ஃபுட்பால் வீரர்கள எடுத்து, அவங்க ஆடுறத வெச்சு பாயின்ட் வாங்குற கேம்) 2025 டிராஃப்ட்ல, அதாவது வீரர்கள தேர்வு பண்றப்ப, பந்தைத் தூக்கிட்டு ஓடுற ரெண்டு பேர்ல டெட்ராய்ட்டோட ஜாமிர் கிப்ஸ எடுக்கவா பால்டிமோரோட டெரிக் ஹென்றிய எடுக்கவான்னு கேட்டிருக்கீங்க, ஆனா உங்க லீக்ல கேட்ச்சுக்கு (வீசின பந்தைப் பிடிக்கிறதுக்கு) தனி பாயின்ட் உண்டா இல்லையான்னு சொல்லவே இல்லையே, மொத்த விஷயமும் அதுலதான் இருக்கு. 2024 சீசன்ல ஹென்றி 1,921 யார்டு ஓடினாரு, ஆனா பிடிச்ச கேட்ச் வெறும் 19. கிப்ஸ் ஓடினது 1,412 யார்டுதான், ஆனா 52 கேட்ச், மொத்தம் 20 டச்டவுன் (பந்தோட எதிரணியோட கோல் லைனைத் தாண்டி ஸ்கோர் பண்றது). கணக்கு போட்டுப் பாத்தேன், கேட்ச்சுக்கு பாயின்ட் இல்லன்னா ஹென்றி லேசா முன்னாடி, ஒரு கேட்ச்சுக்கு ஒரு பாயின்ட்டுன்னா கிப்ஸ் 25 பாயின்ட்டுக்கு மேல முன்னாடி போயிடறாரு.

இன்னொன்னு, ஆட்டத்துல பின்தங்கிட்டா பால்டிமோர் ஓடுறத விட்டுட்டு பந்தை வீச ஆரம்பிச்சிடும், அப்ப ஹென்றிய வெளிய உக்கார வச்சிட்டு அதே டீமோட ஜஸ்டிஸ் ஹில்ல இறக்குவாங்க, நம்ம டீவி முன்னாடி உக்காந்து நகம் கடிக்க வேண்டியதுதான். கிப்ஸுக்கும் தொல்லை இருந்துச்சு, 2024ல கோல் லைன் பக்கத்துல அவரோட டீம்மேட் மான்ட்கோமரி வந்து டச்டவுன அள்ளிட்டுப் போயிடுவாரு. ஆனாலும் 2025 சீசன் தொடங்குறப்ப ஹென்றிக்கு 31 வயசு, கிப்ஸுக்கு 23. நானா இருந்தா கிப்ஸ்தான். கேட்ச்சுக்கு பாயின்ட்டே இல்லாத லீக்னா மட்டும் ஹென்றி.